பத்து ரூபாய் டீ சொன்ன உண்மை

2018 மார்ச்சில் சென்னை விமான நிலையத்தில் ப. சிதம்பரம் ஒரு டீ கேட்டார். வெந்நீரும் அதில் முக்கிக்கொள்ள ஒரு டீப் பையும் 135 ரூபாய் என்றார்கள். மிரண்டுபோய் வேண்டாமென்று சொல்லிவிட்டதாக அவரே ட்விட்டரில் எழுதினார். காபி 180 ரூபாய். இதை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டதற்கு, நிறையப் பேர் வாங்குகிறார்கள் என்று பதில் வந்ததாம். நான்தான் பழைய ஆளாகிவிட்டேனா என்ற சந்தேகம் அவருக்கே வந்துவிட்டது. நாட்டுக்கு பட்ஜெட் போட்டவருக்கு!

அன்று பக்கத்தில் நின்ற யாராவது அவருக்கு என்ன ஆறுதல் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். “ஏர்போர்ட்டுன்னா அப்படித்தான் சார்.”

என் சண்டை இந்த வாக்கியத்தோடுதான். சித்திரையில் வெயில் அடிக்கும், ஐப்பசியில் மழை பெய்யும், ஏர்போர்ட்டில் இட்லி முந்நூறு ரூபாய்க்கு ரப்பர் மாதிரி இருக்கும் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லப் பழகிவிட்டோம். மழையை யாரும் டெண்டர் விட்டுப் பெய்ய வைப்பதில்லை. இட்லி விலைக்குப் பின்னால் டெண்டர் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது.

சென்னை விமான நிலையத்துக்கு எதிரே ஜி.எஸ்.டி. சாலையைத் தாண்டினால் திரிசூலம் ரயில் நிலையம். அந்தப் பக்கத்தில் டீக்குப் பதினைந்து ரூபாய் நீட்டினால் போதும். சாலைக்கு இந்தப் பக்கம் வந்ததும் அதே தேயிலை, அதே பால், அதே சர்க்கரை பத்து மடங்காகிவிடுகிறது. நடுவில் என்ன ஆனது? நீங்கள் உள்ளே போனீர்கள், அவ்வளவுதான். டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டி, பெல்ட்டைக் கழற்றி, சோதனை முடித்து உள்ளே போனவர் ஒரு டீக்காக வெளியே வரமாட்டார். அது கடைக்காரருக்கும் தெரியும், கடைக்கு இடம் கொடுத்தவருக்கும் தெரியும்.

கதை அங்கே நிற்கவில்லை. 2024 செப்டம்பரில் இதே சிதம்பரம் கொல்கத்தா விமான நிலையத்தில் அதே வெந்நீர், அதே டீப் பை 340 ரூபாய் என்று மறுபடியும் எழுதினார். அந்த டிசம்பரில் எம்.பி. ராகவ் சட்டா மாநிலங்களவையில் நூறு ரூபாய்த் தண்ணீர் பாட்டிலைப் பற்றியும் இருநூறு ரூபாயைத் தாண்டும் டீயைப் பற்றியும் பேசினார். அதே டிசம்பரில் அதே கொல்கத்தா விமான நிலையத்தில் விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு ‘உடான் யாத்ரி கஃபே’ என்ற சிறு கடையைத் திறந்து வைத்தார். டீ 10 ரூபாய், தண்ணீர் 10 ரூபாய், காபி 20, சமோசா 20. இரண்டாவது கடை 2025 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தது. பிறகு வேறு சில ஊர்களுக்கும்.

எல்லாரும் பாராட்டினார்கள். நானும் போய் ஒரு டீ குடித்தேன். பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் கொதித்திருக்கலாம். ஆனால் பாராட்டின சத்தத்தில் ஒரு விஷயம் அமுங்கிப்போனது. அதே கட்டடம், அதே மின்சாரம், அதே ஊர்ப் பால். அங்கே பத்து ரூபாய்க்கு டீ ஆற்ற முடிகிறதென்றால், இருநூறு ரூபாய் டீயில் டீ எவ்வளவு, டீ அல்லாதது எவ்வளவு?

டீ அல்லாதது எப்படி உள்ளே வருகிறது என்று பார்ப்போம். விமான நிலையத்தில் கடை வைப்பவர் தெருக்கடைக்காரரைப் போல மாத வாடகை கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. மாதம் இவ்வளவு குறைந்தபட்சம் தருகிறேன் என்று ஏலத்தில் சொன்ன தொகை ஒரு பக்கம், விற்பனையில் இத்தனை விழுக்காடு என்பது இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். பெரிய தொகை சொன்னவருக்கே இடம். அந்த ஏலத்தில் இட்லியை ருசி பார்ப்பவர் யாருமில்லை. பல இடங்களில் ஒரே நிறுவனம் மொத்த உணவுப் பகுதியையும் எடுத்துக்கொள்கிறது. கண்ணுக்கு எட்டுப் பெயர்ப்பலகை தெரியும், கல்லாவின் பின்பக்கம் ஒரே கை. இங்கே விலை அதிகம் என்று கோபித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்கு நடப்பது, அண்ணனிடம் கோபித்துக்கொண்டு அதே வீட்டில் தம்பி அறைக்குப் போவது போலத்தான்.

இது ஒரு தட்டு. தில்லி, மும்பை போலத் தனியார் நடத்தும் நிலையங்களில் இன்னொரு தட்டும் உண்டு. 2006 ஒப்பந்தப்படி தில்லி நிலையத்தை நடத்தும் நிறுவனம் தன் மொத்த வருவாயில் 45.99 விழுக்காட்டை இந்திய விமான நிலைய ஆணையத்துக்குத் தர வேண்டும். மும்பையில் 38.7 விழுக்காடு. ஆணையம் என்பது அரசு. ஆகவே தில்லியில் நீங்கள் வாங்கும் ஒரு வடையில் கடைக்காரர் ஒரு கடி, நிலையத்தை நடத்துபவர் ஒரு கடி, அரசு ஒரு கடி. உங்களுக்கு ஓட்டை மிச்சம். ஒரு கையால் இந்தப் பங்கை வாங்கிக்கொண்டே மறு கையால் பத்து ரூபாய் டீக்கடைக்கு ரிப்பன் வெட்டுகிறது அரசு. ரிப்பன் வெட்டியதைக் குறை சொல்லமாட்டேன், மற்றக் கையையும் பார்க்கச் சொல்கிறேன்.

இதற்கு ஒரு படித்த பதில் உண்டு. 2016 விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி, கடைகள் போன்றவற்றிலிருந்து நிலையத்துக்கு வரும் வருமானத்தில் 30 விழுக்காட்டைக் கணக்கில் எடுத்து, விமானங்களுக்கும் பயணிகளுக்கும் விதிக்கும் கட்டணத்தைக் குறைக்கிறார்கள். டீயில் கொடுத்தால் டிக்கெட்டில் கழியும் என்பது வாதம். சரி, முப்பது கழிகிறது. மீதி எழுபது? தவிர, டீ குடிப்பவரிடம் வாங்கி, குடிக்காதவருக்கும் சேர்த்துக் கழிப்பது என்ன நியாயம்?

செலவு அதிகம் என்பதில் உண்மை இல்லாமலில்லை. உள்ளே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பின்னணி விசாரித்து நுழைவு அனுமதி வாங்க வேண்டும். வெங்காய மூட்டையும் சோதனையைத் தாண்டித்தான் வர வேண்டும். நடுராத்திரி மூன்று மணிக்கும் ஆள் நிற்க வேண்டும். இதற்கெல்லாம் கொஞ்சம் கூட வாங்கட்டும், யாரும் வழக்குப் போடமாட்டார்கள். ஆனால் அந்தக் கொஞ்சத்தை வேறு ஊர்கள் அளந்து பார்த்திருக்கின்றன.

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் விமான நிலையம் 1992இல் புது முனையம் திறந்தபோது, ஊருக்குள் என்ன விலையோ அதே விலைக்குத்தான் உள்ளேயும் விற்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. கடைகள் திவாலாகவில்லை. பயணிகள் பயமில்லாமல் வாங்கியதால் விற்பனை கூடியது. போர்ட்லாந்தும் அதே விதியைப் போட்டது, அதுவும் பெரும்பாலும் உள்ளூர்க் கடைகளை வைத்தே. நியூயார்க்கில் 2021இல் லகார்டியா நிலையத்தில் ஒரு பீர் 27 டாலருக்கு மேல் என்ற விலைப்பட்டியலை ஒருவர் படமெடுத்துப் போட, அந்த ஊர் விமான நிலையங்களையும் நடத்தும் துறைமுக ஆணையம் விசாரணை நடத்தி மறு ஆண்டு அறிக்கை வெளியிட்டது. ஊர் விலைக்கு மேல் 10 விழுக்காடு, அதற்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டியது. முதலாளித்துவத்தின் தலைநகரமே போட்ட வரம்பு அது.

அவ்வளவு தூரம் போவானேன். நம் ரயில் நிலையத்துக்கும் வாடகை உண்டு, ஏலம் உண்டு, நடுராத்திரி உண்டு. அங்கே ரயில் நீர் பாட்டிலின் விலை ஒரு ரூபாய் குறைந்து 14 ஆனபோது அது நாடு முழுக்கச் செய்தியானது. ரயிலில் போகிறவரின் தாகத்துக்கு அரசு விலை வைக்கலாம், விமானத்தில் போகிறவரின் தாகத்துக்கு வைக்கக்கூடாதாம்.

ஏனென்றால் விமானத்தில் போகிறவர் வசதியானவர். இதுதான் அந்த நம்பிக்கையின் ஆணிவேர். இதைச் சொல்பவர்கள் ஒருமுறை திருச்சி விமான நிலையத்துக்குப் போக வேண்டும். 2024 ஜனவரியில் திறந்த அந்தப் புது முனையம் கோபுர வண்ணங்களோடு பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதன் வாசலில் சிங்கப்பூருக்கும் சார்ஜாவுக்கும் போகிற புதுக்கோட்டை, பெரம்பலூர் ஆட்கள் வேனில் வந்து இறங்குவார்கள். முதல் சம்பளம் வர இரண்டு மாதம் ஆகும், ஏஜெண்டுக்குக் கொடுத்த கடன் அதற்கு முன்பே வட்டி கேட்கும். ஹவாய் செருப்புப் போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்று சொல்லி 2017இல் மலிவுக் கட்டண ‘உடான்’ திட்ட விமானங்களைக் கொடியசைத்து அனுப்பியது இதே அரசுதான். அப்படி வந்தவரிடம், வந்ததே தப்பு என்பதுபோல விலைப்பட்டியலை நீட்டுகிறோம்.

அங்கே ஒரு ராத்திரி என் பக்கத்து நாற்காலியில் ஓர் இளைஞர். கையில் ஒன்றுமில்லை. சாப்பிட்டீர்களா தம்பி என்றேன்.

“அம்மா புளிச்சோறு கட்டிக் குடுத்துச்சு சார். உள்ள விடமாட்டாங்கன்னு மாமா சொன்னாரு. வாசல்லயே திருப்பிக் குடுத்துட்டேன்.”

எனக்கு விலையைவிட இதுதான் பொறுக்கவில்லை. புளிச்சோற்றைத் தடுக்கும் விதி எதுவும் கிடையாது. இட்லி, சப்பாத்தி, எலுமிச்சைச் சாதம், தட்டை, முறுக்கு எதையும் கைப்பையில் கொண்டுபோகலாம். 2006இல் லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி பிடிபட்ட பிறகு வந்த 100 மில்லி கட்டுப்பாடு திரவப் பண்டத்துக்குத்தான். சாம்பார், மோர், எண்ணெய் மிதக்கும் ஊறுகாய் ஆகியவற்றில்தான் தகராறு வரும். வெறும் பாட்டிலைக் கொண்டுபோய் உள்ளே குழாயில் நிரப்பிக்கொள்ளலாம், காசில்லை. இருமுடிக்குள் இருக்கும் தேங்காயையே, சபரிமலைப் பக்தர்கள் கேட்டுக்கொண்டதால் 2024 அக்டோபரில் அந்த யாத்திரைக் காலத்துக்குக் கைப்பையில் அனுமதித்தார்கள். புளிச்சோற்றுக்கு யாரும் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ‘விடமாட்டாங்க’ என்ற வதந்தி ஊர்ஊராகப் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைகளுக்கு இதைவிட மலிவான விளம்பரம் கிடைக்குமா?

விடுவார்கள் என்று தெரிந்தவர்களுக்கு வேறொரு தடை, வெட்கம். ரயிலில் எதிர் சீட்டுக்காரருக்கும் நீட்டிச் சாப்பிட்ட அதே குடும்பம், விமான நிலையத்தில் டப்பாவைத் திறக்கக் கூசுகிறது. ஆற்றுணா என்று பழந்தமிழில் ஒரு சொல் உண்டு. ஆறு என்றால் வழி, வழிக்கு எடுத்துப்போகும் சோறு. இதற்கென்று தனிச்சொல் வைத்திருந்த ஆட்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் முந்தாநாள் செய்த சாண்ட்விச்சுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறோம். அங்கே வேலை பார்ப்பவர்களைக் கவனியுங்கள். பெருக்குகிற அம்மாவும் பெட்டி ஏற்றுகிற அண்ணனும் அந்தக் கடைகளில் வாங்கி நான் பார்த்ததில்லை. வீட்டு டப்பாதான். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலோ ஊழியர்கள் சாப்பிடும் உணவகத்துக்குள் பயணிகளும் போகலாம், வெளிநாட்டுக்காரர்கள்கூட விசாரித்துக்கொண்டு போகிறார்கள்.

கிரெடிட் கார்டு இருக்கிறதே, இரண்டு ரூபாய்க்கு லவுஞ்சில் சாப்பிடலாம் என்பார் சிலர். வங்கிகள் மூன்று மாதத்துக்கு இவ்வளவு செலவழித்தால்தான் அனுமதி என்று கதவைச் சாத்திக்கொண்டே வருகின்றன. மிச்சமிருக்கும் வரிசையில் நிற்கிற நேரத்துக்கு மாவு அரைத்துப் புளிக்கவே வைத்துவிடலாம்.

சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். ஒரே பொருளுக்கு இரண்டு அதிகபட்ச விலை அச்சிடக்கூடாது என்ற விதி 2018 ஜனவரி முதல் இருக்கிறது. ஆனால் வெளியே கண்ணில் படாத ஏதோ ஒரு பெயரில் பாட்டிலை அடுக்கி வைத்தால் விதி என்ன செய்யும்? ஹோட்டல், ரெஸ்டாரண்டுகள் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

ஆகவே இப்போதைக்குச் சமையலறைதான். இட்லி என்றால் ஆறியபின் நல்லெண்ணெய் குழைத்த மிளகாய்ப்பொடியை இரண்டு பக்கமும் தடவிவிட வேண்டும். எண்ணெய் பூசிய இட்லி காயாது, ஒரு நாள் தாங்கும். பொடியைத் தனிப் பொட்டலமாகக் கொண்டுபோனால் சோதனையில் கேள்வி வரலாம், தடவினதைக் கேட்கமாட்டார்கள். தயிர்ச்சாதத்தில் பால் நிறைய, தயிர் ஒரு கரண்டி. சாப்பிடும் நேரத்துக்குத்தான் அது தயிர்ச்சாதமாகவே ஆகும். கெட்டியாகப் பிசைந்தால் நல்லது. புளியோதரைக்குப் புளிக்காய்ச்சலில் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும், சாதத்தை ஆறவிட்டுக் கிளற வேண்டும். ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளுக்குப் போகிறவர்கள் இறங்குவதற்குள் தின்று தீர்த்துவிடுங்கள், அங்கே சுங்கத்தில் சோற்றுக்கும் விசாரணை உண்டு.

சென்னை விமான நிலையம் இன்னும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் கையில்தான் இருக்கிறது, பழி சொல்ல நடுவில் தனியார் யாருமில்லை. அங்கே உணவுக்கடைகளுக்கு அடுத்த டெண்டர் வரும்போது, வெளிவிலைக்கு மேல் பத்து விழுக்காடு என்று ஒரு வரி அதில் இருக்கிறதா என்று பார்ப்பேன். அதுவரை என் கைப்பையில் எட்டு இட்லி. அதில் இரண்டு, பக்கத்து நாற்காலிக்கு.