மைசூர் பேட்டாவும் ஏழாவது அத்தியாயமும்

போன மாதம் என் புத்தகம் வெளிவந்தது. இந்தியத் தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்களைப் பற்றியது, ஆங்கிலத்தில் எழுதியது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி ஆங்கிலத்திலேயே பேசிப் பேசி அலுத்துவிட்டது. திட்டுவதையாவது தாய்மொழியில் வைத்துக்கொள்ளலாம் என்று இதை எழுதுகிறேன். புத்தகத்தின் பெயரை இங்கே போடப்போவதில்லை. போட்டால் விளம்பரம் என்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் ஸ்டார்ட்அப் பற்றி வருகிற புத்தகங்களில் பாதிக்கு மேல் கல்யாணப் பத்திரிகை ரகம். மாப்பிள்ளை வீட்டுப் பெருமை, பெண் வீட்டுப் பெருமை, அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' முதலீட்டாளர்கள். பந்தல்காரனுக்குப் பாக்கி வைத்த கதையைப் பத்திரிகையில் யார் அச்சடிப்பார்கள்? வாசகனாக இருந்தபோது இது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். ஒரு புத்தகத்தை வெளியிடப் போனபோதுதான் முழுசாகப் புரிந்தது.

என் புத்தகத்தில் பதினோரு அத்தியாயம். முதல் ஆறில் யாருக்கும் பிரச்சினை இல்லை. 2007-ல் கோரமங்களாவில் ஆன்லைன் புத்தகக் கடையாக ஆரம்பித்த ஃப்ளிப்கார்ட், 2018-ல் அதில் 77 சதவீதத்தை 1600 கோடி டாலருக்கு வால்மார்ட் வாங்கியது, 2010-ல் சென்னையில் தொடங்கி 2021-ல் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ், வெளிமுதலீடு வாங்காமலே வளர்ந்த ஸோஹோ, இப்படி எல்லாருக்கும் பிடித்த கதைகள். ஏழாவது அத்தியாயம் மூடிப்போன கம்பெனிகளைப் பற்றியது. மூடிய பிறகு அங்கே வேலை பார்த்தவர்களும் அங்கே சப்ளை செய்த சின்ன வியாபாரிகளும் என்ன ஆனார்கள் என்று நாற்பது பக்கம்.

வெளியீட்டுக்குச் சிறப்பு விருந்தினர் வேண்டும் என்றார் பதிப்பாளர். ஒரு முதலீட்டு நிறுவனத்தின் பார்ட்னரைப் பிடித்தார்கள். அவர் தனியாக வரமாட்டார். அவரோடு இந்திராநகரில் ஓசியில் ஒரு ஹால் வரும், காபியும் சமோசாவும் வரும், கூடவே நானூறு பிரதிக்கு ஆர்டரும் வரும். இந்த மொத்த ஆர்டர்தான் இந்த வியாபாரத்தின் ஜீவநாடி. விலை 499 ரூபாய் போட்ட புத்தகத்தில் எனக்கு ராயல்டி 10 சதவீதம். கடையில் ஒவ்வொன்றாக விற்று நானூறைத் தொட எத்தனை மாதம் ஆகும் என்று பதிப்பாளருக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

விழாவுக்குப் பத்து நாள் முன்னால் பதிப்பகத்தின் மார்க்கெட்டிங் பெண்ணிடமிருந்து போன். கோயம்புத்தூர்ப் பெண், நல்ல மாதிரி.

"சார், அவருக்கு புக் ரொம்பப் பிடிச்சிருக்காம் சார். அந்த ஏழாவது சாப்டர் மட்டும் கொஞ்சம் நெகட்டிவா இருக்குதாம்."

"அச்சடிச்சாச்சேம்மா?"

"இல்லைங்க சார், அந்த நானூறு காப்பி மட்டும் தனியா அடிச்சுக்கலாம். பிரிண்ட் ஆன் டிமாண்ட்தானே. சாப்டர் நம்பரை மட்டும் மாத்திரணும்."

ஏழு இல்லாத தனிப்பதிப்பு! ஆறுக்குப் பிறகு எட்டு வரும், அதற்கு ஏழு என்று பெயர் வைத்துவிடலாம். மிரட்டல் கிடையாது, வக்கீல் நோட்டீஸ் கிடையாது, குரலைக்கூட யாரும் உயர்த்தவில்லை. முடியாது என்றேன். இரண்டு நாளில் விருந்தினருக்கு சிங்கப்பூரில் அவசர வேலை வந்துவிட்டது. ஹாலும் சமோசாவும் அவருக்குப் பின்னாலேயே போயின.

அப்படி அதில் என்னதான் எழுதிவிட்டேன்? அவர் நிறுவனத்தின் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. ஊழல் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. கணக்குதான் இருக்கிறது. முதலீட்டாளர்கள் வாங்குவது முன்னுரிமைப் பங்கு. கம்பெனி கைமாறினால் போட்ட பணம் முதலில் அவர்களுக்கு வரவேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். 80 கோடி போட்ட கம்பெனி 70 கோடிக்கு விற்றால் எழுபதும் அவர்களுக்கே. பத்திரிகையில் 'பெரிய கம்பெனி வாங்கியது' என்று நிறுவனரின் சிரித்த முகத்தோடு செய்தி வரும். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பங்கு உரிமையை நம்பி நாலு வருஷம் உழைத்தவனுக்கு அந்த விற்பனையில் பூஜ்யம். இது திருட்டு இல்லை, முழுக்க சட்டப்படிதான். ஆனால் வேலையில் சேரும்போது அவனுக்கு இதை யாரும் சொல்வதில்லையே, அதுதான் என் வழக்கு.

பங்கு உரிமையைப் பங்காக மாற்றும் நாளிலேயே, அன்றைய மதிப்புக்கும் அவன் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பள வருமானமாகக் கருதப்பட்டு வரி விழும். விற்க முடியாத பங்குக்குக் கையிலிருந்து வரி! 2020 பட்ஜெட்டில் இந்த வரியைத் தள்ளிக் கட்ட ஒரு சலுகை வந்தது. அதுவும் 80-ஐஏசி சான்று வாங்கிய ஸ்டார்ட்அப்களுக்கு மட்டும். வேலையை விட்டால் அந்தச் சலுகையும் போய்விடும்.

கம்பெனி திவாலானால்? திவால் சட்டத்தின் 53-வது பிரிவில் வரிசை இருக்கிறது. ஊழியரின் கடைசி 12 மாதச் சம்பள பாக்கி, ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர்களுக்குப் பின்னால். நாற்காலி வாடகைக்கு விட்டவரும் டிபன் சப்ளை செய்தவரும் அதற்கும் வெகு பின்னால். சரி, பாக்கி வராத சின்ன வியாபாரி தானே தீர்ப்பாயத்துக்குப் போய் மனு போடலாமா? 2020 மார்ச் வரை ஒரு லட்சம் பாக்கி இருந்தால் போடலாம். கொரோனாவை ஒட்டி அந்த வரம்பை ஒரு கோடி ஆக்கினார்கள். பைஜூஸ் கதையில் இதன் அழகைப் பார்க்கலாம். 2022-ல் 2200 கோடி டாலர் மதிப்பு என்று கொண்டாடப்பட்ட கம்பெனி. 2024 ஜூலையில் அதைத் திவால் நடவடிக்கைக்குள் இழுத்தது யார்? கிரிக்கெட் வாரியம், சுமார் 158 கோடி ஸ்பான்சர் பாக்கிக்காக. அதே மாதிரி ஒரு கம்பெனியில் 40 லட்சம் மாட்டிக்கொண்ட பிரிண்டிங் பிரஸ்காரர் அந்த வாசலில் நிற்கக்கூட முடியாது.

இதையெல்லாம் எழுதினால் நெகட்டிவாம்.

நான் பேசியவர்களில் ஒரு பையன், திருநெல்வேலிப் பக்கம். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் இருந்தான். கடைசி மூன்று மாதம் சம்பளம் இல்லை. அதைவிடக் கொடுமை, சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பணத்தை ஏழு மாதமாகக் கட்டவே இல்லை. வாடகைக்கு பர்சனல் லோன் வாங்கியிருந்தான். அவன் அறையில் ஓர் அலமாரி முழுக்க ஸ்டார்ட்அப் புத்தகங்கள். "அண்ணே, இத்தனையும் படிச்சிட்டுத்தான் இங்க சேர்ந்தேன். ஒண்ணுலயாச்சும் பி.எஃப்.னு ஒரு வார்த்தை வருதானு பாத்துச் சொல்லுங்க" என்றான். சும்மா ஒரு வேகத்தில் சொன்னதுதான். நான் நிஜமாகவே பார்த்தேன். மேலோட்டமாகப் புரட்டியதில் ஒன்றிலும் கண்ணில் படவில்லை.

இதற்கு வழக்கமாக வரும் பதில் எனக்குத் தெரியும். 'நாங்கள் தோல்வியைக் கொண்டாடுகிறோமே!' ஆமாம், கொண்டாடுகிறீர்கள். நிறுவனரின் தோல்வியை. அவருக்கு அது அனுபவம், அடுத்த கம்பெனிக்குப் பணம் திரட்டும்போது இரண்டாவது ஸ்லைடு. அங்கே அக்கவுன்ட்ஸ் பார்த்த பெண்ணுக்கோ, அனுபவச் சான்றிதழில் கையெழுத்துப் போடக்கூட ஆள் இல்லை. எந்த மேடையில் அவள் தன் தோல்வியைக் கொண்டாடுவாள்?

2017-ல் ஸ்டேஜில்லா மூடப்பட்டபோது நடந்தது ஞாபகம் இருக்கலாம். விளம்பர நிறுவனம் ஒன்று பாக்கி வரவில்லை என்று புகார் கொடுக்க, நிறுவனர் கைதானார். வியாபாரப் பாக்கிக்கு ஜெயிலா என்று ஸ்டார்ட்அப் உலகமே பொங்கி எழுந்தது. நியாயமான பொங்கல்தான், எனக்கும் அதே கருத்துதான். ஆனால் அந்தப் பொங்கலில் பாக்கியைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? 2015 நவம்பரில் டைனிஅவ்ல் ஆட்களைக் குறைத்தபோது, புனே அலுவலகத்தில் நிறுவனர்களில் ஒருவரை வெளியே போக விடாமல் ஊழியர்கள் மறித்து வைத்தார்கள். அது தப்பு, சந்தேகமே இல்லை. கொடுக்கவேண்டிய பணம் கைக்கு வரும் என்ற நம்பிக்கை ஏன் அவர்களுக்கு அவ்வளவு குறைவாக இருந்தது என்று யோசிக்க வேண்டாமா?

பழைய புத்தகங்களை மட்டமாகப் பேசவில்லை. 2008-ல் ரஷ்மி பன்சல் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் படித்த 25 தொழில்முனைவோரைப் பற்றி எழுதியபோது, நல்ல வேலையை விட்டுவிட்டு பிசினஸ் என்றால் வீட்டில் அப்பா தட்டைத் தூக்கி எறிந்த காலம். அன்றைக்கு அந்தத் தைரியம் தேவைப்பட்டது. மிஹிர் தலால் 2019-ல் ஃப்ளிப்கார்ட்டைப் பற்றி எழுதியதில் உள்சண்டைகளும் இருக்கின்றன, நிருபரின் உழைப்பு தெரிகிறது. ஆனால் 2016 ஜனவரியில் ஸ்டார்ட்அப் இந்தியா தொடங்கி, அரசு அங்கீகரித்த ஸ்டார்ட்அப்கள் 2025 தொடக்கத்திலேயே ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன. இதில் வேலைக்குப் போகிறவர்கள் லட்சக்கணக்கில். இன்னும் நிறுவனரின் கனவையே எழுதிக்கொண்டிருந்தால் எப்படி?

'இப்படி எழுதினால் எந்த நிறுவனரும் உங்களிடம் பேசமாட்டார்' என்று பதிப்பாளரே எச்சரித்தார். பேச வேண்டாம். கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் நூறு ரூபாய் கட்டினால் எந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையையும் பார்க்கலாம். என் ஏழாவது அத்தியாயத்தில் முக்கால்வாசி அங்கிருந்து வந்ததுதான். பேட்டியில் 'லாபத்தை நெருங்கிவிட்டோம்' என்றவர் அதே வருஷம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த நஷ்டக் கணக்கு அங்கே பத்திரமாக இருக்கிறது. பேட்டியை நம்பி எழுத எனக்கு வேறு வேலை இல்லையா?

விழா நடந்தது. வைட்ஃபீல்டில் நண்பரின் அபார்ட்மென்ட் கிளப் ஹவுசில், நாற்பத்து மூன்று பேர். மூடிப்போன ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்த்த அம்மாவைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டேன். மேடையில் பேசிப் பழக்கமில்லாதவர். பணம் இல்லாத மாதத்தில் யாருக்கு முதலில் சம்பளம் போடுவது என்று தன்னிடம் முடிவெடுக்கச் சொன்னார்கள் என்றும், அன்று ஹவுஸ்கீப்பிங் ஆட்களிலிருந்து ஆரம்பித்ததாகவும் கன்னடத்தில் பத்து நிமிஷம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். முதலீட்டாளருக்காக சிக்பேட்டையில் வாங்கிவைத்திருந்த மைசூர் பேட்டாவைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பெண் வந்திருந்தாள், ஆபீசுக்குச் சொல்லாமல். அது அந்த அம்மாவின் தலைக்குக் கொஞ்சம் பெரிசு, காதுவரை இறங்கிவிட்டது. 31 பிரதி விற்றது. சமோசா என் செலவு.

பி.கு: ஸ்டார்ட்அப்பில் சேரப்போகும் தம்பி தங்கைகள் அந்த நூறு ரூபாயைச் செலவழித்து ஆண்டறிக்கையில் தணிக்கையாளர் அறிக்கையின் இணைப்பைப் படியுங்கள். பி.எஃப். போன்ற சட்டப்படியான பாக்கிகளை ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று அதில் தனியாக ஒரு பத்தி இருக்கும். ரொம்பச் சின்ன கம்பெனிகளுக்கு இந்த இணைப்பு தேவையில்லை, ஆனால் கோடிகளில் பணம் திரட்டியவர்களுக்குப் பெரும்பாலும் உண்டு. சேர்ந்த பிறகு மாதாமாதம் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். இரண்டு மாதம் வரவு இல்லை என்றால் வேறு வேலை தேட ஆரம்பியுங்கள்.