கோடை விடுமுறையும் உழைக்கும் தாய்மார்களும்

திருவனந்தபுரத்தில் மார்ச் இறுதியில் மூடப்படும் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில்தான் திறக்கின்றன. வசதி படைத்த வீட்டுக் குழந்தைகளுக்கு இடைப்பட்ட இரண்டு மாதங்களும் நீச்சல், இசை, ஓவியம் என்று கட்டணப் பயிற்சி முகாம்களின் காலம். பூந்துறையிலும் விழிஞ்ஞத்திலும் மீன் கூடை சுமந்து தெருத்தெருவாக விற்கும் பெண்ணுக்கும், ராஜாஜி நகர் எனப் பெயர் மாற்றப்பட்ட செங்கல்சூளைக் குடியிருப்பிலிருந்து வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணுக்கும் கணக்கு வேறு. பள்ளி நடக்கும் நாளில் பிள்ளை எங்கே இருக்கிறது, மதியம் என்ன சாப்பிட்டது என்ற கவலை அவளுக்கு இல்லை. ஏப்ரல் பிறந்ததும் இரண்டு கவலையும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. மூத்த பெண் குழந்தை இளையவர்களுக்குத் தாயாகிறாள். இல்லையேல் தாய் கூலியை இழந்து வீட்டில் இருக்கிறாள். கடலரிப்பில் வீடிழந்து வலியதுறையின் சிமெண்ட் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் அடைந்து கிடக்க நேர்ந்த மீனவக் குடும்பங்களுக்கு, கோடையில் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லும் அறிவுரை எப்படிக் கேட்டிருக்கும்?

இந்த இடைவெளி தற்செயலானதன்று, சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பள்ளிக் குழந்தைகளுக்கு நாள்தோறும் இலவச மதிய உணவை உறுதி செய்கிறது, ‘பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக’. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2004 ஏப்ரலில் ஆணையிட்டிருந்தது. சட்டம் இயற்றியவர்கள் அதை விரிவாக்கவில்லை. உழைக்கும் தாய்மார்களுக்கான குழந்தைகள் காப்பகத் திட்டத்தின் கதையும் இதுவே. 2017இல் ஒன்றிய அரசு அதன் செலவில் ஒரு பகுதியை மாநிலங்களின் தலையில் கட்டியது. நாடெங்கும் ஆயிரக்கணக்கான காப்பகங்கள் மூடப்பட்டன. அதே ஆண்டு திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்றது. மீன் கூடைக்கும் பிறர் வீட்டு அடுப்படிக்கும் ஐம்பது பேர் கணக்கு எங்கே இருக்கிறது?

கேரளத்தின் அனுபவம் இங்கே கவனத்திற்குரியது. 1938 டிசம்பரில் கல்யாசேரியில் தேசிய பாலசங்கம் உருவானபோது அதன் முதல் தலைவர் இ.கே.நாயனார். அறுபது ஆண்டுகள் கழித்து அவர் முதல்வராக இருந்தபோதுதான் குடும்பஸ்ரீ தொடங்கியது. பாலசங்கத்தின் ‘வேனல் தும்பிகள்’ கலைப் பயணக் குழுக்கள் இன்றும் ஒவ்வொரு கோடையிலும் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகச் செல்கின்றன. குடும்பஸ்ரீயின் அயல்கூட்டப் பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்காக நடத்துபவை பாலசபைகள். இவற்றின் சிறப்பு நிகழ்ச்சி நிரலில் இல்லை. கூட்டம் எங்கே, எப்போது, யார் பொறுப்பு என்பதைத் தாய்மார்களே கூடி முடிவு செய்கிறார்கள். தொண்டு நிறுவனம் பத்து நாள் முகாம் நடத்தி, புகைப்படம் எடுத்து, சான்றிதழ் கொடுத்துச் செல்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

குழந்தைகளிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. 2021இல் செங்கல்சூளைப் பிள்ளைகள் ‘அயன்’ படக் காட்சிகளைக் கைப்பேசியிலேயே மறுபடி எடுத்து வெளியிட்டபோது நடிகர் சூர்யாவே பாராட்டினார். எந்தக் கட்டண முகாமும் அவர்களுக்கு அதைக் கற்றுத்தரவில்லை.

ஆனால் குறையையும் சொல்லியாக வேண்டும். பத்து மணிக்குத் தொடங்கி மதிய உணவுக்கு முன் முடியும் முகாம், மாலை ஐந்து மணிவரை வேலை செய்யும் தாய்க்குப் பயன்படாது. இடதுசாரி அமைப்புகள் நடத்தும் கோடை நிகழ்வுகளுக்கும் இது பொருந்தும். அங்கே தாய், பிள்ளையைக் கொண்டுவந்து விடுபவராகவும் நிறைவு விழாவில் கை தட்டுபவராகவும் மட்டுமே இருக்கிறார். அவருக்கும் ஒரு மாலைப் பொழுது வேண்டும்: மருத்துவப் பரிசோதனைக்கு, வாசிப்புக்கு, நலவாரியப் பதிவுக்கு, எதுவுமில்லாவிட்டால் சற்று உட்கார்ந்து பேச.

தமிழ்நாட்டில் அங்கன்வாடி ஊழியர்கள் மே மாதம் முழுவதும் விடுமுறை கேட்டுப் போராடி வருகிறார்கள். அது நியாயமான கோரிக்கை, அவர்களும் தாய்மார்களே. அந்த விடுமுறையை ஏழைக் குழந்தையின் சோற்றுக்கு எதிராக நிறுத்தும் வாதத்திற்குக் கட்சி உறுப்பினர்கள் இரையாகக் கூடாது. ஊழியருக்கு ஓய்வும் குழந்தைக்கு உணவும் ஒருசேரக் கிடைக்க, கூடுதல் ஊழியர்களை முழு ஊதியத்துடன் நியமிப்பது அரசின் கடமை.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள அந்த விலக்கை நீக்கக் கோரும் இயக்கத்தை மாதர், வாலிபர், ஆசிரியர், சத்துணவு ஊழியர் அமைப்புகள் கூட்டாக முன்னெடுக்க வேண்டும். அதுவரை கிளைகள் காத்திருக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. பள்ளிகள் மூடுவதற்கு முன்பே வரும் கூட்டம் அது. பூட்டிக் கிடக்கப் போகும் சத்துணவுக் கூடத்தையும் பள்ளித் திடலையும் இரண்டு மாதங்களுக்குக் காலை முதல் மாலை வரை திறந்து வைக்கக் கோரும் தீர்மானத்தை, அந்த ஊரின் தாய்மார்களைக் கொண்டே அங்கு முன்மொழியச் செய்யலாம்.