வேட்டைக்காலம் இல்லாத நாட்டில் கட்டுத்துவக்கு

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குத் திகதி குறித்து அறிவிக்கிறார்கள். அந்த நாட்களில் காட்டுவழி நடப்போரைச் செம்மஞ்சள் மேலங்கி அணியச் சொல்கிறார்கள். வேட்டைக்காரர் கண்ணுக்கு ஆள் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம்.

இலங்கையில் அப்படியொரு காலமே இல்லை. வனவிலங்குச் சட்டம் மான், மரை வேட்டையைத் தடுக்கிறது. ஆனால் வேட்டை நிற்கவில்லை, மறைவில் நடக்கிறது. திகதியும் இல்லை, எச்சரிக்கைப் பலகையும் இல்லை.

சம்மாந்துறை வட்டைகளில் இந்த ஆபத்து போகத்தோடு சேர்ந்தே வருகிறது. நெல் குடலை தள்ளிக் கதிராகும்போது பன்றி இறங்கும். ஓரிரவில் ஏக்கர் கணக்கில் உழக்கிவிடும். இங்குள்ள விவசாயிகளில் பெரும்பாலோர் அதை உண்ணாதவர்கள். அவர்களுக்கு அது இறைச்சியல்ல, நட்டம் மட்டுமே. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்குமல்ல. ஆனால் அதற்காகக் கட்டுத்துவக்கு வைப்பது குற்றம்.

பன்றியின் உயரத்துக்குத் துவக்கைக் கிடையாகக் கட்டி, பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பியோ நூலோ இழுத்துவிடுகிறார்கள். தட்டியது பன்றியா மனிதனா என்று அதற்குத் தெரியாது. செம்மஞ்சள் மேலங்கி இங்கே உதவாது. காயம் பெரும்பாலும் காலில்தான். மாடு மேய்ப்பவர், விறகுக்குப் போகிறவர், குளத்துக்கு மீன்பிடிக்கக் குறுக்குவழியில் நடப்பவர் ஆகியோரே அகப்படுகிறார்கள். இப்போது இங்கினியாகல பக்கம் உலாப்போகும் இளைஞர்களும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறார்கள்.

ஆகவே வயலோரமோ காட்டோரமோ போவோர் முதலில் வட்டவிதானையையோ முல்லைக்காரரையோ கேட்டுவிட்டுப் போவது நல்லது. அது மரியாதையும்கூட, வரம்பு அவர்களுடைய உழைப்பு. பன்றித்தடத்தில் நடக்க வேண்டாம், பொழுதுபட்ட பின் நிற்க வேண்டாம், தனியே போக வேண்டாம். தரையில் கிடக்கும் பூசணி, வெள்ளரித் துண்டுகளைத் தொடவும் வேண்டாம். யானைக் குட்டிகளின் வாயைச் சிதைக்கும் வெடி அப்படித்தான் மறைத்து வைக்கப்படுகிறது. காயம்பட்டவரின் இரத்தப்போக்கைத் துணியால் அழுத்தி நிறுத்திக்கொண்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

அறுவடை முடிந்த வயலுக்கு யானைக்கூட்டம் வரும்போது கைபேசியோடு திரண்டு கூச்சலிடுவதும் இதே மரியாதைக் குறைவுதான். மிரண்ட யானை அடுத்த ஊருக்குள் புகும். 1992க்கு அழைத்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டு விலகி நிற்பதே சரி.

ஆனால் நடப்பவரின் கவனம் மட்டும் போதாது. 2025 மார்ச் 15இல் பயிரழிக்கும் விலங்குகளை நாடு முழுவதும் 5 நிமிடம் எண்ணினார்கள். குரங்கும் மயிலும் மரஅணிலும் கணக்கில் வந்தன, பன்றி வரவில்லை. பன்றியால் நட்டப்படுபவருக்கு வழி காட்டாமல் துவக்கை மட்டும் பறித்தால், அடுத்த போகத்தில் இன்னொரு துவக்கு முளைக்கும்.

போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளையும் மாடுகளை அகற்றும் நாளையும் சேர்ந்து முடிவெடுக்கிறோம். இரவுக் காவல் முறையையும் அங்கேயே பங்கிடலாம். எந்த வட்டையிலும் கட்டுத்துவக்கு இல்லை என்ற உறுதியையும் அதே கூட்டத்தில் எழுத்தில் வாங்கலாம். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. கதிர் வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை.