சக்தி அளவு அஞ்சு

தீபாவளிக்கு அக்கா பையன் கோயம்புத்தூர்ல இருந்து வந்தான். துணிமணி ஒரு பை, பிஎஸ்5 பெட்டி ஒரு பை. "மாமா, உங்க டிராகன் பால் புதுசா வந்திருக்குங்க"ன்னான்.

ஸ்கூல் படிக்கறப்ப மாட்டுக்குத் தட்டு போடச் சொல்லி அப்பா கத்தினாலும் காதுல விழாத மாதிரி உட்கார்ந்து பார்த்த கார்ட்டூன் அது. பாதி வசனம் புரியாது, சண்டை புரியும். அப்பப் புதுசா வந்திருந்த கேம் 'ஸ்பார்க்கிங் ஜீரோ'. 2024 அக்டோபர் 11ஆம் தேதி வெளியானது. 180க்கும் மேல் சண்டைக்காரர்கள் இருக்காங்க. மம்முட்டி பிடிச்ச கையில அத்தனை பித்தானும் ஒட்டவே மாட்டேங்குது. ராட்சசக் குரங்கா மாறின வெஜிட்டாகிட்ட ஏழு தடவை தோத்தேன். உலகம் பூரா அந்த இடத்துலதான் எல்லாரும் முட்டிக்கிட்டு நின்னாங்கன்னு மருமகன் சொன்ன பிறகுதான் மனசு ஆறுச்சு.

கேம் அருமை. பறக்கறதும், மலை பொடியாகறதும், அந்த வயசுல கண்ணுல பார்த்த மாதிரியே இருக்கு. எனக்கு ஒரே ஒரு வழக்குதான்.

டிராகன் பால் இசட் முதல் காட்சி ஞாபகம் இருக்குதுங்களா? வானத்துல இருந்து ஒரு உருண்டை வந்து விழும். அது விழறது ஒரு விவசாயியோட நிலத்துல. அந்த மனுசன் துப்பாக்கியைத் தூக்கிட்டு என்னன்னு பார்க்கப் போவார். உள்ளிருந்து வர்ற ராடிட்ஸ், கண்ணுல மாட்டியிருக்கற கருவியால அவரை அளப்பான். சக்தி அளவு அஞ்சு. குப்பைன்னுட்டு, அவர் சுட்ட குண்டையே கையில பிடிச்சுத் திருப்பி விட்டுக் கொன்னுடுவான். அவருக்குப் பேர்கூட இல்லை. அஞ்சுங்கற அந்த எண் மட்டும் இன்னிக்கு வரைக்கும் ரசிகர்களுக்குள்ள கேலியா ஓடிக்கிட்டிருக்கு.

180 பேர்ல அவர் இல்லை. சும்மா சவடால் விடற மிஸ்டர் சாத்தானுக்கு இடம் இருக்கு. நிலத்துக்குச் சொந்தக்காரருக்கு இல்லை.

இத்தனைக்கும் இந்தக் கதையே காய்கறிக் கடை. ராடிட்ஸ்னா முள்ளங்கி, கோகுவோட பிறவிப் பேரான ககராட் கேரட், பிரோலி பிராக்கோலி, நப்பான்னா ஜப்பான்ல கீரை இலை. 2024 மார்ச் மாசம் காலமான அகிரா தோரியாமா அப்படித்தான் பேர் வெச்சார். அந்த நப்பா பூமிக்கு வந்து சண்டைக்கு முன்னாடி மண்ணைப் பார்க்கிறான். நல்ல மண்ணுன்னு சொல்லி ஆறு விதை ஊன்றான், தண்ணி மாதிரி எதையோ ஊத்தறான், சைபாமேன்கள் முளைச்சு வந்து சண்டை போடறாங்க. எருவும் இல்லை, களையெடுப்பும் இல்லை. அவன்கிட்ட அந்தத் தண்ணி என்னன்னு கேட்கணும்னு அப்பவே நினைச்சேன்.

கோகுவே விவசாயிதான். 'டிராகன் பால் சூப்பர்' முதல் பகுதியில டிராக்டர் ஓட்டிக்கிட்டுத்தான் இருப்பார். சாத்தான் மூலமா 10 கோடி ஜெனி கைக்கு வந்ததும் சிச்சி அவரைப் பயிற்சிக்குப் போகச் சொல்லிடுவா. காசு வந்தா நிலத்தை விட்டு இறங்கறது அங்கயும் அப்படித்தான் போல.

இந்த கேம்ல கதையை மாத்தலாம். ராடிட்ஸோட சண்டைக்குக் கோகு பிக்கோலோவைச் சேர்த்துக்கிட்டுப் போறதா, தனியாப் போறதான்னு நாமளே முடிவு பண்ணலாம். கோகுவுக்கு இத்தனை 'இப்படி நடந்திருந்தா' கொடுத்தவங்க, அந்த விவசாயிக்கு ஒண்ணு கொடுத்திருக்கலாம். ஜெயிக்க வைக்கச் சொல்லலை. குண்டு திரும்பி வர்றப்ப குனியற மாதிரி ஒரே ஒரு பித்தான் போதும். பரிதாபப்பட்டுக் கேக்கலை. கிட்டத்தட்ட எல்லாரும் பறக்கிற ஆட்டத்துல, பறக்கத் தெரியாத ஒருத்தரை வெச்சு எத்தனை நேரம் தாங்கறோம்னு பார்க்கறதுதான் நிஜமான ஆட்டம்.

இதைச் சொன்னதும் மருமகன் சிரிச்சான். "அப்ப உங்களுக்கு எத்தனைங்க மாமா? அஞ்சா?"

"அவர்கிட்ட துப்பாக்கி இருந்துச்சுடா. நான் காட்டுப்பன்னிக்குப் பழைய சேலை கட்டி வெச்சிருக்கறவன். மூணு போடு."

அடுப்படியில இருந்து அக்கா கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. "நல்லா சொல்லுடா தம்பி. இவன் பன்னெண்டாவது முடிச்சுட்டு வேளாண்மைதான் படிப்பேங்கறான். நீ படற பாட்டைச் சொல்லிப் புத்தி வரட்டும்."

அவன் சிரிப்பை நிறுத்திட்டு டிவியைப் பார்த்தான். நானும் டிவியைத்தான் பார்த்தேன். படின்னு சொல்ல எனக்கு வாய் வரலை, வேண்டாம்னு சொல்லவும் வரலை. இந்த வருஷ முள்ளங்கிக் கணக்கு அக்காவுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அதையும் சொல்லியிருக்கும்.

அப்புறம் அவனே, நாமளே சண்டையை அமைக்கற பகுதி ஒண்ணு இருக்கு மாமான்னு திறந்தான். விவசாயிக்குப் பதிலா மிஸ்டர் சாத்தான், எதிர்ல ராடிட்ஸ். வயல் மாதிரி இடம் தேடினோம், சிக்கலை. பாறைக்காட்டுல வெச்சோம். சாத்தான் என் கையில. இருபது விநாடி தாங்கலை. மறுபடி. முப்பது. நாலாவது தடவை ராடிட்ஸ் மூஞ்சியில ரெண்டு குத்து விழுந்துச்சு, அவன் குதிச்சான்.

பதினோரு மணிக்கு மும்முனை கரண்ட் வந்துடுச்சு. மோட்டார் போடணும்னு எழுந்தேன். "இருங்க மாமா"ன்னு கன்ட்ரோலரை வெச்சுட்டு, டார்ச்சைத் தேடி எடுத்துக்கிட்டு அவனும் பின்னாடியே வந்தான்.