பயந்தவனெல்லாம் குற்றவாளியா?

“தப்பு செய்யாதவன் உண்மை கண்டறியும் சோதனைக்கு ஏன் பயப்படணும்?” பரபரப்பான வழக்கு எது வந்தாலும் டீக்கடை முதல் டி.வி. விவாதம் வரை இதே கேள்வி. உடல் பொய் சொல்லாது, எனவே மறுப்பவன் எதையோ மறைக்கிறான் என்பது வாதம். இதில் மூன்று ஓட்டைகள்.

ஒன்று: பொய் கண்டறியும் கருவி பொய்யை அளப்பதே இல்லை. ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு, விரல் நுனி வியர்வை. அவ்வளவுதான். “கொலை செய்தாயா?” என்று கேட்டால் நிரபராதிக்கு நெஞ்சு படபடக்காதா? அது பயமா, அவமானமா, ஆத்திரமா என்று எந்தக் கோடு சொல்லும்?

இரண்டு: குற்றவாளி சிக்கிவிடுவானாம். சோவியத்துக்கு ரகசியம் விற்ற சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1986-லும் 1991-லும் இந்தச் சோதனையில் தேறியவர். 1994-ல்தான் கைதானார். அவரைக் காட்டிக்கொடுத்ததில் சம்பளத்துக்கு மீறிய செலவுக்கும் வங்கிக் கணக்குக்கும் பெரிய பங்கு உண்டு. நாடிக்கு இல்லை.

மூன்று: உண்மையை வரவழைக்க மயக்க ஊசி போட்டால் மனசு திறந்துகொள்ளுமா? அரைமயக்கத்தில் நாக்குதான் தளரும். நினைவோடு கற்பனையும் கொட்டும். கேட்பவர் எடுத்துக்கொடுத்ததும் சேரும்.

விழித்திருக்கும்போதே நம் மனசு நமக்குப் பிடிபடுகிறதா? உளவியலாளர்கள் நிஸ்பெட், வில்சன் இருவரும் 1977-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான நான்கு ஜோடி காலுறைகளில் வலக்கோடியில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது, வைத்திருந்த இடத்தை ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை. காலுறைக்கே இந்த கதி!

சம்மதமின்றி உண்மை கண்டறியும் சோதனைகளை நடத்தக் கூடாது, சம்மதித்தாலும் முடிவு மட்டுமே சாட்சியமாகாது என்று செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. மறுப்பவனைச் சந்தேகிப்பவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கட்டும்.