தாழ்குரல் இலக்கியமும் நம் வகுப்பறையும்

சென்ற ஆண்டு ஐப்பசி மாதத்து விடுமுறையில், சப்பானிய எழுத்தாளர் யசுநாரி கவாபாட்டாவின் ‘பழைய தலைநகரம்’ என்னும் நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பின் வாயிலாகப் படித்து முடித்தோம். உத்திரமேரூர் ஏரிக்கு நீர் வரத் தொடங்கியிருந்த நாட்கள் அவை. கல்லூரி திறந்ததும் அக்கதையை முதுகலை மாணவர்களுக்கு எடுத்துரைத்தோம். கேட்டு முடித்த மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இந்தக் கதையில் ஒன்றுமே நடக்கவில்லையே?” என்றார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆயினும் அவ்வினா எம்மை விட்டு அகலவில்லை. அது கதையைப் பற்றிய வினா அன்று. நாம் இலக்கியம் கற்பிக்கும் முறையைப் பற்றிய வினா என்பது பின்னரே புலனாயிற்று.

கதை நிகழ்வது கியோத்தோ நகரில். பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற பழைய தலைநகரம் அது. நம் காஞ்சியை நினைந்துகொண்டால் போதும். அந்நகரத்துப் பட்டு வணிகர் ஒருவரின் வளர்ப்பு மகள் சியெக்கோ. பிறந்தபோதே கைவிடப்பட்ட குழந்தை தான் என்று அவள் நம்புகிறாள். வீட்டுத் தோட்டத்தில் முதிர்ந்த மேப்பிள் மரம் ஒன்று நிற்கிறது. அதன் அடிமரத்தில் மேலும் கீழுமாக இரண்டு பொந்துகள். ஒவ்வொன்றிலும் ஊதாப்பூச்செடி ஒன்று. இரண்டும் ஆண்டுதோறும் பூக்கின்றன. மேலே பூத்ததும் கீழே பூத்ததும் ஒன்றையொன்று அறியுமோ என்று சியெக்கோ எண்ணுகிறாள். நாவலின் தொடக்கம் இதுவே.

பின்னர், கோடைத் திருவிழாவின் இரவொன்றில், தன் முகமே கொண்ட மற்றொரு பெண்ணை அவள் காண்கிறாள். நாயெக்கோ என்னும் அப்பெண் அவளுடன் பிறந்த இரட்டையர். பெற்றோரை இழந்து, நகருக்கு வடக்கேயுள்ள மலைச்சிற்றூரில், தேவதாரு மரங்களை மணல்கொண்டு தேய்த்து மெருகேற்றும் கூலித்தொழில் செய்து வாழ்பவள். ஒருநாள் காட்டில் இடியும் மழையும் சூழ்ந்தபோது, அவள் தன் உடலாலேயே சியெக்கோவைப் போர்த்திக் காக்கிறாள். நூலின் இறுதியில், ஒரே ஓர் இரவு உடன்பிறந்தாளின் வீட்டில் தங்குகிறாள். ஊரார் கண்ணில் படுமுன், விடியற்காலையில், மெல்லிய பனி விழும் தெருவில் நடந்து சென்றுவிடுகிறாள். கதை முடிந்துவிடுகிறது.

ஒன்றுமே நடக்கவில்லையா? ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவரைச் செல்வமும் வறுமையும் பிரித்துவிட்டன. ஒருத்தி அழைக்கிறாள், மற்றவள் அவள் நலம் கருதி மறுக்கிறாள். இதனினும் பெரிதாக ஒரு குடும்பத்தில் நடக்கக்கூடியது யாது? ஆனால் ஆசிரியர் அதனை உரத்துக் கூறவில்லை. முதற்பக்கத்து ஊதாப்பூக்களிடம் அதனை முன்னரே ஒப்படைத்துவிட்டார்.

உள்ளுறையும் இறைச்சியும்

இவ்விடத்தில் தமிழ் மாணவர்க்குத் தொல்காப்பியம் நினைவுக்கு வந்திருத்தல் வேண்டும். நிலமும் பொழுதும் முதற்பொருள். மரமும் புள்ளும் தொழிலும் கருப்பொருள். மாந்தர் நெஞ்சின் ஒழுக்கம் உரிப்பொருள். கருப்பொருளைச் சொல்லி உரிப்பொருளை உணர்த்துவதே உள்ளுறை, இறைச்சி ஆகியவற்றின் பணி. பொந்தில் பூத்த பூக்கள் கருப்பொருள். உடன்பிறந்தாரின் பிரிவு உரிப்பொருள். கவாபாட்டா நம் இலக்கணத்தைக் கற்றவர் அல்லர். ஆயினும் அவரைப் படிக்கும் முறை நம் கையில் ஈராயிரம் ஆண்டுகளாக இருந்து வருகிறது.

பொழுதைப் போற்றுவதிலும் இவ்வொப்புமையைக் காணலாம். நாம் பெரும்பொழுது ஆறு, சிறுபொழுது ஆறு என வகுத்தோம். அவர்கள் ஹைக்கூப் பாடலில் பருவத்தைக் குறிக்கும் சொல் ஒன்று இடம்பெறுதலை மரபாகக் கொண்டனர். இந்நாவலும் வசந்தத்தின் மலர்களில் தொடங்கிக் குளிர்காலத்தின் மலர்களில் முடிகிறது. 1968ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபோது கவாபாட்டா ஆற்றிய உரையிலும் பழந்துறவியரின் பருவப் பாடல்களே பெரிதும் பேசப்பட்டன.

தமிழுக்கும் சப்பானிய மொழிக்கும் உறவுண்டு எனச் சுசுமு ஓனோ என்னும் அறிஞர் வாதிட்டார். மொழியியலார் பலர் அதனை ஏற்றிலர். நம் கருத்திற்கு அவ்வுறவு இன்றியமையாததன்று. நிலத்தையும் பருவத்தையும் ஊன்றி நோக்கி வாழ்ந்த இரு மக்கள், ஒருவரையொருவர் அறியாமலே ஒத்த முறையில் பாடியிருத்தல் கூடும். முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைக்காக மட்டுமே பேசுகிறோம். ஏரிக்கும் தோட்டத்திற்கும் தனித்தனி வாரியம் அமைத்த செய்தியும் கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த அக்கல்வெட்டுகளிலேயே உள்ளது. நீரையும் மரத்தையும் ஊர்ப்பொறுப்பாகக் கருதிய மண்ணில் பிறந்தவர்க்கு, ஒரு மரத்தைப் பற்றி எழுதப்பட்ட பக்கம் வெறும் வருணனையாகத் தோன்றலாகாது.

நாம் இழந்தது

பின் ஏன் தோன்றுகிறது? குறை மாணவரிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது. இறைச்சியை நாம் இரண்டு மதிப்பெண் வினாவாக்கிவிட்டோம். இலக்கணம் கூறுக, எடுத்துக்காட்டுத் தருக என்று கேட்கிறோம். மாணவரும் குறிப்பேட்டிலுள்ளதை எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். முன்பின் பாராத ஒரு பாடலைக் கொடுத்து, இதனுள் பேசப்படாமல் நிற்பது யாது என்று நாம் கேட்பதில்லை.

இதனோடு இரைச்சலும் சேர்ந்துகொண்டது. பட்டிமன்றத்தில் கைதட்டல் பெற்றதே கருத்து. திரையில் முழங்கியதே வசனம். கையடக்கக் கருவியில் அரை நிமிடத்தில் அழவைப்பதே கதை என்றாகிவிட்டது. இத்தகைய மலர்களில் நாமே எழுதிய கவிதைகளைப் புரட்டிப் பார்த்தோம். வரிக்கொரு வியப்புக்குறி! அதனை எண்ணி நாணினோம்.

நம் துறைகளின் மரபு இதுவன்று. 1916ஆம் ஆண்டிலேயே பாரதியார் ‘சுதேசமித்திரன்’ இதழில் சப்பானியக் கவிதையின் சொற்சுருக்கத்தைத் தமிழர்க்கு அறிமுகம் செய்தார். வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிக்கோ அப்துல் ரகுமான் ஹைக்கூவைத் தமிழில் வேரூன்றச் செய்தவர்களுள் ஒருவர். இஸ்லாமியர் நடத்தும் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறையிலிருந்து கீழ்த்திசையின் அச்சிறுபாடலுக்கு வரவேற்புக் கிடைத்தது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம். கவிதையில் பெற்ற அவ்வடக்கத்தை உரைநடையிலும் கற்றுக்கொள்வது அடுத்த கடமை.

சமுதாயப் பெரியவர் ஒருவர், “தம்பி, நம்முடைய பிள்ளைகளுக்குச் சீறாவைச் சொல்லாமல் சப்பான்காரன் கதை எதற்கு?” என்று அன்போடு கேட்டார். சீறாவைச் சொல்லவே இது வேண்டும் என்றோம். உமறுப்புலவர் தம் காப்பியத்தின் நாட்டுப்படலத்தில் பாலைவன நாட்டைப் பாடுகையில், மழையும் வயலும் நிறைந்த தமிழ்நிலத்தையே கண்முன் நிறுத்துகிறார். அது பிழையன்று, தம் மண்ணின் கருப்பொருளால் தம் நெஞ்சின் பற்றை உணர்த்தும் முறை. நிலத்தை வாசிக்கத் தெரியாதவர் அப்படலத்தைத் தள்ளிவிட்டுக் கதைக்கு ஓடுவர். மேலும், மௌனத்தின் பொருளை நாம் அறியாதவர் அல்லர். மய்யித்து வீட்டிற்குச் செல்லும் நம் பெரியவர்கள் நீண்ட ஆறுதல் மொழி கூறுவதில்லை. சிறிது நேரம் அமர்ந்து, துஆச் செய்து, எழுந்து செல்கின்றனர். துயருற்றவர்க்கு அவ்விருப்பே ஆறுதல். பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்து, “அப்படியானால் சொல்லிக் கொடுங்கள்” என்றார்.

ஒரு மறுப்பும் விடையும்

அடக்கமான இலக்கியம் வயிறு நிறைந்தவரின் ஓய்வுநேர இன்பம், அநீதியைக் கண்டும் குரல் தாழ்த்துவது கோழைமை என்று வாதிடுவோர் உளர். இதனை எளிதில் ஒதுக்க இயலாது. தோப்பில் முகம்மது மீரான் 1988இல் வெளியான ‘ஒரு கடலோரக் கிராமத்தின் கதை’யில் நம் சமுதாயத்துப் பெருவீட்டு அதிகாரத்தை முகத்திற்கு நேரே சுட்டினார். அக்குரல் தேவையாக இருந்தது, இன்றும் தேவையே.

ஆனால் தாழ்ந்த குரல் அநீதியை மறைக்கிறது என்பது பொருந்தாது. நாயெக்கோவை மணக்க விரும்பும் நெசவாளன், உண்மையில் சியெக்கோவின் சாயலையே அவளிடம் காண்கிறான். அதனை அவள் உணர்ந்து ஒதுங்குகிறாள். வறியவளுக்குத் தன் முகம்கூடத் தனதாக இல்லை என்பதை ஆசிரியர் எங்கும் முழங்கவில்லை. நூலை மூடிய பின் நாமே அங்கு வந்து சேர்கிறோம். பிறர் சொன்ன முடிபை நாளை மறப்போம். தாமே கண்டதை எளிதில் மறவோம்.

இதனை எமக்குத் தெளிவாக்கியவர் காஞ்சியை அடுத்த நெசவாளர் குடும்பத்து மாணவி ஒருவர். வகுப்பில் அதிகம் பேசாதவர். அன்று எழுந்து சொன்னார்: “ஐயா, எங்கள் வீட்டில் கோர்வைச் சேலை நெய்யும்போது உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். அப்பா தறியில் இருப்பார். கரைக்கு நாடா தள்ள நான் பக்கத்தில் உட்காருவேன். இரண்டு நிறமும் ஒவ்வோர் இழையிலும் கோத்துக்கொண்டே போகவேண்டும். நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. ஆனால் அப்பாவுக்கு அன்றைக்கு மனம் சரியில்லை என்றால் எனக்குத் தெரிந்துவிடும். இந்த அக்காளும் தங்கையும் அப்படித்தான்.”

வகுப்பு அமைதியாயிற்று. நோபல் குழு பெயர் சுட்டிய மூன்று நூல்களுள் இதுவும் ஒன்று என்று நாம் அதற்குமுன் கூறியிருந்தோம். அச்செய்தி ஒருவரையும் தொடவில்லை. மாணவியின் சொல் தொட்டது. அந்நாவலில் வரும் நெசவாளர் குடும்பங்களும் கைத்தறியின் நாளைய நிலையை எண்ணிக் கவலுறுகின்றன. காஞ்சிப் பகுதியிலும் தறியிருந்த வீடுகளின் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்து நிற்பதைக் காலைதோறும் காண்கிறோம். அவர்களைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. அவர்கட்குப் பிழைப்பு வேண்டும். ஆனால் தறியருகே அமர்ந்து பெற்ற அவ்வுணர்வு, சொல்லாததைக் கேட்கும் அச்செவி, தறியோடு போய்விடலாகாது. அதனைக் காக்கக்கூடிய இடங்களுள் இலக்கிய வகுப்பும் ஒன்று.

ஆதலின் நம் துறைக்கு இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது: கிழமைக்கு ஒருமணி நேரம், குறிப்பேடும் தேர்வு வினாவும் இன்றி, ஒரு கதையை வகுப்பில் உரக்கப் படிப்போம். கவாபாட்டாவும் வரட்டும், கு.ப.ராஜகோபாலனும் வண்ணதாசனும் வரட்டும். படித்து முடித்ததும் ஐந்து நிமிடம் ஒருவரும் பேசாதிருப்போம். இரண்டாவது: அகத்திணைத் தேர்வில் மாணவர் முன்பு கண்டிராத பாடல் ஒன்றேனும் இடம்பெறட்டும். விடை தவறினும் முயற்சிக்கு மதிப்பெண் தருவோம்.

“ஒன்றுமே நடக்கவில்லையே” என்று கேட்ட மாணவர் சென்ற வாரம் அந்நூலை எம்மிடம் இரவல் வாங்கிச் சென்றார். இன்னும் திருப்பித் தரவில்லை. நாமும் கேட்கவில்லை.