தங்கத்திடம் தோற்கும் சூத்திரம்

"தொகுதியில் கீழே வர வர அயனியாக்கும் ஆற்றல் குறையும்." பிளஸ் ஒன் பிள்ளைகள் தூக்கத்திலும் ஒப்பிக்கும் வரி. வடசேரி கோயில்நகைக்காரர் கேட்டால் சிரிப்பார். வெள்ளி கறுக்கும், அதன்மேல் ஒட்டும் தங்கரேக்கு கறுக்காது. அட்டவணையிலோ தங்கம் வெள்ளிக்குக் கீழே!

மோலுக்கு இத்தனை கிலோஜூல் என்று பாருங்கள்: செம்பு 745, வெள்ளி 731, தங்கம் 890. எங்கே குறைந்தது?

காரணம், நடுவில் புகுந்த லாந்தனைடுகள். அவற்றோடு அணுக்கருவின் பிடி இறுகுகிறது. தங்க அணு வெள்ளியைவிடப் பருக்கவேயில்லை. (சார்பியல் விளைவும் உண்டு, அது தனிக்கதை.) இவ்வளவையும் 'விதிவிலக்கு' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டு, ஒப்பித்தவனுக்கு முழு மார்க் போடுகிறார்கள்.

அந்த லாந்தனைடுகளில் சீரியமும் நியோடிமியமும் மணவாளக்குறிச்சி மோனசைட் மணலிலேயே கிடக்கின்றன. வடசேரியில் பஸ் ஏறினால் போதும். எந்த வகுப்பு ஏறியது?